205-ம் 215-ம்

உத்திரமேரூர்–காஞ்சிபுரம் சாலையில் கல்குவாரி லாரிகளுக்குப் பின்னால் போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும், மழைக்காலத்தில் எது பள்ளம், எது வெறும் தண்ணீர் என்று கண்டுபிடிக்க முடியாது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று சோழர் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. இப்போது சாலைக்கும் ஒரு வாரியம் வைத்தால் தேவலை.

அப்படி ஒரு பள்ளத்தில் கிடந்த கல், எங்கள் பிரெஸ்ஸாவின் முன்பக்க இடது டயரைப் பக்கவாட்டில் கிழித்துவிட்டது. பக்கவாட்டில் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது. ஸ்டெப்னியை மாட்டி ஊர் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் டயர் கடையில் எங்கள் அளவான 205/60 ஆர் 16 இல்லை. 215/60 ஆர் 16 தான் இருந்தது. "மேல் மாடல் பிரெஸ்ஸாவுக்குக் கம்பெனியே இதைத்தான் சார் போடுது" என்றார் கடைக்காரர். அதில் பொய் இல்லை. ஆனால் அங்கே நான்கு சக்கரமும் 215. நான் ஒன்றே ஒன்று வாங்கினேன். பென்ஷன்காரன் புத்தி, வேறென்ன சொல்ல. அதை இடது முன்சக்கரத்தில் மாட்டி, ஸ்டெப்னியைத் திரும்பப் பின்னால் வைத்தாகிவிட்டது.

அன்றிலிருந்து ஸ்டியரிங் லேசாக வலது பக்கம் இழுத்தது. வயதாகிவிட்டது, கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் மனைவியைக் கண் பரிசோதனைக்குக் காஞ்சிபுரம் அழைத்துப்போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். மாகறல் தாண்டி நல்ல மழை. திடீரென்று ஒரு மாடு குறுக்கே வர, பிரேக்கை அழுத்தினேன். வண்டி நேராக நிற்காமல் வலது பக்கம் திரும்பியது. எதிரே ஜல்லி லாரி. அந்த லாரிக்காரர் மண்ணில் இறக்கி ஒதுங்கினார், பிழைத்தோம். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் மனைவிக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. "ஏங்க நிறுத்திட்டீங்க?" என்றாள். "மழை" என்றேன். இதைப் படித்தால்தான் அவளுக்கே தெரியும்.

எங்கள் ஊர் மெக்கானிக் என்னிடம் படித்தவன். சக்கரத்தைப் பார்த்ததும், "கணக்கு சொல்லிக்குடுத்த நீங்களே இப்படிப் பண்ணலாமா சார்? ஒரே அச்சுல ரெண்டு அளவு போடலாமா?" என்றான். வெட்கமாக இருந்தது. அன்றிரவு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 60 சதவீதம். 16 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆக 205-க்குப் பக்கச்சுவர் 123. மேலும் கீழும் சேர்த்து 246. ரிம் 406. மொத்த விட்டம் 652 மி.மீ. அதேபோல் 215-க்கு 664. வித்தியாசம் 12 மி.மீ. தான்! ஆனால் ஒரு கிலோமீட்டர் ஓட சின்னது சுமார் 488 சுற்று சுற்ற வேண்டும், பெரியது 479. காஞ்சிபுரம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு சக்கரத்துக்கும் 250 சுற்றுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். நேர்ச்சாலையிலும் டிஃபரன்ஷியலுக்கு ஓய்வில்லை. போதாததற்கு, வலது பக்கத்துப் பழைய டயர் 4 மி.மீ. தேய்ந்திருந்தது. அதில் விட்டம் இன்னும் 8 குறைகிறது. வண்டி சின்ன சக்கரத்தின் பக்கம் இழுக்காமல் என்ன செய்யும்? ஈரத்தில் புது டயர் பிடிக்கும் அளவுக்குத் தேய்ந்த டயர் பிடிக்காது என்பது தனிக் கணக்கு.

சென்னையிலிருக்கும் மகன் போனில், "நாலுமே 215/65 போட்டுடுங்கப்பா, வண்டி உயரமா இருக்கும்" என்றான். அதையும் போட்டுப் பார்த்தேன். விட்டம் 686. அச்சு 17 மி.மீ. உயரும், வாஸ்தவம்தான். ஆனால் மீட்டர் 80 காட்டும்போது வண்டி 84-ல் போகும். நாலு பேரும் மூட்டையும் ஏறினால் மட்கார்டில் உரசவும் வாய்ப்புண்டு. வேண்டாம் என்றுவிட்டேன்.

சும்மா கிடந்த ஸ்டெப்னியை மாட்டிவிடலாம் என்றால், அதன் பக்கவாட்டில் 1417 என்று இருந்தது. 2017-ம் வருடம் 14-வது வாரம் செய்தது. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகிறது, நம்மைப் போலத்தான். ஆகவே 205-லேயே இரண்டு புதிது வாங்கி முன்னால் இருந்தவற்றைக் கழற்றினேன். ஒன்றோடு போயிருக்க வேண்டிய செலவு மூன்றாயிற்று.

அந்த 215 மாட்டுக்கொட்டகை ஓரமாகக் கிடக்கிறது. லீவுக்கு வரும் பேரன் உருட்டி விளையாடுகிறான்.