'இல்லை' என்பதும் 'தேடவில்லை' என்பதும்



கடந்த ஐப்பசி மழையில் நோட்டன் பிரிட்ஜ் நனைந்துகொண்டிருந்த ஓர் இரவில், நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் என் பள்ளித் தோழனின் மகள். தோழன் முந்திய ஆண்டு காலமாகிவிட்டான். அவனும் நானும் இங்குள்ள தோட்டப் பள்ளியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். 1964இன் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது, அவன் குடும்பம் முதல் கணக்கிலும் என் குடும்பம் இரண்டாம் கணக்கிலும் விழுந்தன. எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் போனவன், தமிழ்நாடு அரசு தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை பெற்றான். அவன் தாய் மட்டும் இங்கேயே மண்ணுக்குள் தங்கிவிட்டார்.

"மாமா, அடுத்த மாசம் நான் அங்க வாறேன். அப்பாயி சமாதியில ஒரு விளக்கு வச்சிட்டு வரணும். அந்த இடம் எதுன்னு அப்பா உங்களுக்கு 2003லயே மெயில் போட்டதாச் சொல்லியிருக்காரு. அதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

எனக்கு அப்படியொரு மடல் வந்ததாக நினைவில்லை. தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

நான் மின்மடல் படிப்பது ஒரு பழைய மென்பொருளில். க்னஸ் என்பது அதன் பெயர். யூஸ்நெட் செய்திக்குழுக்களைப் படிப்பதற்காக ஜப்பானியரான மசனொபு உமேதா 1980களில் எழுதியது; பின்னர் நோர்வேக்காரரான லார்ஸ் இங்கபிரிக்ட்சன் அதனைப் புதிதாக எழுதினார். மின்மடலையும் அது செய்திக்குழுவைப் போலவே பாவிக்கும். எத்தனை ஆயிரம் மடல் இருந்தாலும் குழுகுழுவாகப் பிரித்து, படித்ததை ஒதுக்கி, படிக்காததை மட்டும் முன்னால் வைக்கும். செய்தி அறையில் வளர்ந்தவனுக்கு அந்த ஒழுங்கு பிடித்துப் போயிற்று. இருபத்தைந்து ஆண்டு மடல்கள் என் கணினியில் அப்படியே இருக்கின்றன.

தோழனின் மின்மடல் முகவரியைக் கொடுத்துத் தேடினேன். ஒன்றும் இல்லை என்றது. மறுநாட் காலை அந்தப் பெண்ணை அழைத்து, "அப்படி ஒரு மடல் எனக்கு வரவில்லை மகள்" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. "சரி மாமா, அப்பாவுக்கு வயசான காலத்துல மறதி வந்திருக்கும்" என்றார்.

செத்துப் போன தோழனின் நினைவாற்றலின்மீது ஒரு பழியைப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

ஆனால் மனம் ஒப்பவில்லை. அவன் மறப்பவன் அல்லன். அன்று மாலை சும்மா ஒரு சோதனையாக, அதே மடற்குவியலில் என் சொந்தப் பெயரைத் தேடினேன். அதற்கும் ஒன்றும் இல்லை என்றது! எனக்கு வந்த மடல்களில் என் பெயர் ஒருமுறைகூட இல்லையாம்.

அப்போதுதான் விளங்கிற்று. மென்பொருள் தேடிவிட்டு 'இல்லை' என்று சொல்லவில்லை, தேடாமலே சொல்லியிருக்கிறது.

இதன் உள்விவகாரத்தைச் சற்று விளக்க வேண்டும். இத்தகைய மென்பொருளில் மடல்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சில, தொலைவிலுள்ள மடல் வழங்கியில் இருக்கும். சில, செய்திக்குழு வழங்கியில் இருக்கும். சில, நம் கணினியின் உள்ளேயே இருக்கும். ஒவ்வோரிடத்திலும் தேடும் முறை வேறு. ஐமேப் வகை மடல் வழங்கியிடம் "இதைத் தேடித் தா" என்று கேட்டால் அதுவே தேடித் தரும். செய்திக்குழு வழங்கிகள் பேசும் என்என்டிபி நெறிமுறையிலோ, 1986இல் எழுதப்பட்டபோதும் சரி, 2006இல் திருத்தப்பட்டபோதும் சரி, அத்தகைய தேடல் கட்டளை இடம்பெறவில்லை. கணினிக்குள் இருப்பதைத் தேடத் தனி நிரல் வேண்டும். ஆகவே தேடலுக்கு முன் மென்பொருள் கேட்க வேண்டிய முதற் கேள்வி, 'எதைத் தேடுவது' என்பதன்று. 'இந்தக் குழு எந்த வழங்கியைச் சேர்ந்தது' என்பதே.

அதை அறிய ஓர் அடையாளம் உண்டு. குழுவின் பெயருக்கு முன்னால் வழங்கியின் வகையும் பெயரும் முகவரிபோல ஒட்டியிருக்கும். அதன்பின் ஒரு முக்காற்புள்ளி. ஆனால் 'சொந்த வழங்கி' என்று நாம் குறித்து வைத்த ஒன்றின் குழுக்களுக்கு மட்டும் அந்த முன்னொட்டு கிடையாது. வீட்டிலிருப்பவனுக்கு விலாசம் எதற்கு என்ற எண்ணம்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் என் அமைப்புக் கோப்பில் ஒரு சிறு நிரல்துண்டை நானே எழுதி வைத்திருந்தேன். குழுவின் பெயரை எடு, முக்காற்புள்ளிக்கு முன்னுள்ளதை வெட்டு, அதுவே வழங்கி. இவ்வளவுதான் அதற்குத் தெரியும். முக்காற்புள்ளியே இல்லாத பெயர் வந்தால் அது வெறுமையைத் திருப்பித் தந்தது. எந்த வழங்கியும் இல்லையென்றால் தேட வேண்டிய இடமும் இல்லை. தேட இடமில்லையென்றால் கிடைத்தது சுழியம். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. 2022இல் ஈமாக்ஸ் 28 வெளிவந்தபோது அதனுடன் வரும் க்னஸின் தேடற் பகுதி புதிதாக எழுதப்பட்டிருந்தது. அப்போதாவது என் கோப்பை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பிழை முழுவதும் என்னுடையது.

திருத்தம் இரண்டே வரி. முன்னொட்டு இல்லையென்றால் சொந்த வழங்கி என்று கொள். வழங்கியே தெரியாவிட்டால் வாயைத் திறந்து சொல், 'இல்லை' என்று சொல்லாதே.

மீண்டும் தேடினேன். 2003ஆம் ஆண்டின் பதினொரு மடல்கள் வந்து நின்றன. நல்லவேளையாக அவனுடைய முகவரியைக் கொண்டு தேடினேன். 'சமாதி' என்று ஒருங்குறியில் தேடியிருந்தால் அப்போதும் கிடைத்திராது. அவை பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. கணினியின் கண்ணுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்.

நான்காவது மடலில் எல்லாம் இருந்தது. கீழ்க்கணக்கு, கொழுந்து மடுவத்துக்குப் பின்னால் ஓடைக்கு இறங்கும் பாதை, இரண்டு சவுக்கு மரங்கள், தலைமாட்டில் நட்ட கருங்கல். கடைசியில் ஒரு வேண்டுகோள்: ஒருமுறை போய்ப் பார்த்து, கல் இருக்கிறதா என்று எழுது.

நான் போகவில்லை, பதிலும் எழுதவில்லை. அந்த ஆண்டில் என்ன வேலை நெருக்கடி இருந்தது என்பதுகூட இன்று நினைவில்லை. 'மடல் வரவில்லை' என்ற பதில் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை அப்போது உணர்ந்தேன். வசதியான 'இல்லை'யை யாரும் இருமுறை சோதிப்பதில்லை.

இந்த மலைநாட்டில் அந்தச் சொல் செய்த வேலை சிறிதன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின், தகப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டு வரிசையில் நின்ற எத்தனையோ பேரிடம் 'பதிவு இல்லை' என்று சொல்லப்பட்டது. அவற்றுள் எத்தனை தேடிய பின் சொன்னவை, எத்தனை தேடாமற் சொன்னவை? லயத்துக் காம்பிராவுக்குத் தனி விலாசம் இல்லாததால் தோட்ட அலுவலகத்தின் பெயரிலேயே கடிதம் பெற்றவர்கள் நாங்கள். முன்னொட்டு இல்லாத பெயருக்கு என்ன நேரும் என்பதை ஒரு மென்பொருள் எனக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை.

செய்தி அறையில் இளைஞர்களிடம் நாற்பது ஆண்டுகள் சொல்லிவந்தது இதைத்தான்: 'அவர் மறுத்தார்' என்பது வேறு, 'அவரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை' என்பது வேறு. இனி இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். எதையேனும் தேடி 'இல்லை' என்று வந்தால், உள்ளதென்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை அதே இடத்தில் தேடிப் பாருங்கள். அதுவும் இல்லையென்று வந்தால், பிழை தேடலில்.

அன்றிரவே கூடலூருக்கு அழைத்தேன். "மகள், உன் அப்பாவுக்கு மறதி இல்லை. எனக்குத்தான்" என்றேன். மடலை வாசித்துக் காட்டினேன்.

மறுநாள் மழை விட்டதும் கீழ்க்கணக்குக்குப் போனேன். மடுவம் இடிந்து கிடக்கிறது. சவுக்கு மரத்தில் ஒன்றுதான் மிச்சம். புல்லை விலக்கியபோது கல் இருந்தது.

இருபது வருடத்துக்கு மேல் தாமதமான பதிலை, அவன் மகளுக்கு அனுப்பினேன்.