மைதானத்தில் மூன்று குழாய்கள்

வெள்ளி

வெயில் ஏறுமுன் பள்ளி மைதானத்தில் சாஃப்ட்பால் களத்துக்கு நூல் கட்டிவிட்டோம். ஹோம் பிளேட்டின் கூர்முனையில் முதல் முளை. அங்கிருந்து இரு பக்கமும் 60 அடி. கொத்தனார் அண்ணனுக்கு மூலை மட்டம் சொல்லித்தர வேண்டியதில்லை. மூணு, நாலு, அஞ்சு என்று கயிறு பிடித்தே சதுரத்தைக் கொண்டுவந்துவிட்டார். குறுக்களவு 84 அடி பத்தேகால் அங்குலம். சரி.

பேஸ்களைச் செருகும் குழாய்களுக்குக் குழி எங்கே என்பதில்தான் பேச்சு நீண்டது. சாஃப்ட்பால் பேஸ் 15 அங்குலச் சதுரம். முதலாவதும் மூன்றாவதும் கோட்டுக்குள் முழுதாக அடங்கி, 60 அடியில் முடிய வேண்டும். ஆகவே குழாயின் நடு 59 அடி நாலரை அங்குலத்தில், கோட்டிலிருந்து ஏழரை அங்குலம் உள்ளே. இரண்டாவதற்கு மட்டும் மூலைப்புள்ளியே நடு.

“இன்னா சார், ரெண்டு உள்ள கீது, ஒண்ணு மட்டும் வெளிய தள்ளினு கீது?”

நியாயமான கேள்வி. 1887-இல் பேஸ்பால்காரர்கள் மற்ற இரண்டையும் கோட்டுக்குள் நகர்த்தினார்கள், இதை விட்டுவிட்டார்கள். சாஃப்ட்பாலும் அதையே எடுத்துக்கொண்டது.

சனி

காய்ந்த மண்ணில் கடப்பாரை எகிறியது. பட்டறையில் வெட்டிவந்த சதுரக் குழாயை நட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து, கான்கிரீட் போட்டோம். கலவை உள்ளே இறங்காமலிருக்க வாயில் காகிதத்தைத் திணித்தார் அண்ணன். வாய் தரைக்கு ஓர் அங்குலம் கீழே. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மாலையில் இங்கேதான் கிரிக்கெட், கபடி எல்லாம். ஷூ கம்பெனி பஸ்ஸில் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் இங்கே ஓடுவது வெறுங்காலில். இரும்பு விளிம்பு ஒரு நூல் தூக்கினாலும் பாதம் கிழியும்.

புதன்

சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்றுவது தொடர்கிறது. குழாய் வாய்க்கு ரப்பர் மூடி வந்துவிட்டது. மூடாவிட்டால் ஒரே மழையில் மண் அடைத்துக்கொள்ளும்.

ஞாயிறு

பேஸைச் செருகி உதைத்துப் பார்த்தேன். அசையவில்லை. மணல் மூட்டையைப் பேஸாக வைத்து ஆடியபோது, சறுக்கி வருபவளோடு அதுவும் போகும். அவுட்டா இல்லையா என்று சண்டை வரும். அது இனி இல்லை.

ஆனால் அசையாத பேஸில் கணுக்கால் மோதினால் என்ன ஆகும்? 1980-களில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆராய்ந்தார்கள். இடித்தால் கழன்றுகொள்ளும் பேஸ்களை வைத்ததும் சறுக்குக் காயங்கள் 96 சதவீதம் குறைந்தன. அந்த வகையின் விலை எங்கள் பள்ளிக்கு எட்டாது. எனவே சின்ன வகுப்புகளுக்குக் குழாயை மூடி, மேலே ரப்பர் விரிப்பு மட்டும். பெரிய பெண்களுக்கும் சறுக்கப் பழகிய பிறகே செருகு பேஸ்.