கடித்தவன் வைத்த பெயர்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புத்தகத்துக்குப் பதிலாக ஒரு பேய்ப்படம் போட்டேன். "என்னக்கா, அம்பேத்கர் படிக்க வந்தா ரத்தக்காட்டேரியைக் காட்டுறீங்க?" என்று முதலாமாண்டு மாணவி ஒருத்தி சிரித்தாள். படம், 1973இல் அமெரிக்காவில் வெளியான 'ஸ்க்ரீம் பிளாக்குலா ஸ்க்ரீம்'. 1972இல் வந்த 'பிளாக்குலா'வின் இரண்டாம் பாகம்.

முதல் பாகத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டு 1780. மாமுவால்டே என்ற ஆப்பிரிக்க இளவரசன், அடிமை வியாபாரத்தை நிறுத்த உதவி கேட்டு டிராகுலாவின் கோட்டைக்குப் போகிறான். டிராகுலா அவனை இழிவாகப் பேசுகிறான், கழுத்தில் கடிக்கிறான், தன் பெயரிலிருந்தே 'பிளாக்குலா' என்று ஒரு பெயரை அவன்மேல் ஒட்டிவிடுகிறான். அடிமைகளுக்கு ஆண்டையின் பெயரைச் சூட்டிய வரலாறு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாமுவால்டேயாக நடித்த வில்லியம் மார்ஷல், மேடையில் ஒத்தெல்லோவாக நடித்தவர். பாத்திரத்துக்குக் கண்ணியம் வேண்டும், ஆப்பிரிக்கப் பின்னணி வேண்டும் என்று தயாரிப்பாளர்களிடம் வற்புறுத்தியவரும் அவர்தான்.

முதல் படம் நன்றாக ஓடியது. அடுத்த ஆண்டே இரண்டாம் பாகம். முதல் படத்தை இயக்கிய வில்லியம் க்ரெய்ன் கறுப்பினத்தவர்; இதை இயக்கிய பாப் கெல்ஜன் வெள்ளையர். ஊடூ பூசாரியான ஒரு மூதாட்டி இறக்கிறார். தன்னை வாரிசாக ஏற்காத கோபத்தில் அவர் மகன் வில்லிஸ், மாமுவால்டேயின் எலும்புகளை வைத்துச் சடங்கு செய்து அவனை எழுப்புகிறான். முதலில் கடிபடுவதும் அவன்தான். வாரிசாக வரவேண்டிய லீசாவாக நடித்தவர் பாம் க்ரியர்.

வரவேற்பு மந்தம்தான். முதல் படத்தின் வசூல் இதற்கு வரவில்லை. மூன்றாம் பாகம் எடுக்கப்படவே இல்லை. விமர்சகர்கள் பலர் மார்ஷலை மெச்சிவிட்டுக் கதையைத் தள்ளிவிட்டார்கள். இன்னொரு பக்கம், கறுப்பின உரிமை இயக்கத்துக்குள்ளிருந்தே இவ்வகைப் படங்களுக்கு எதிர்ப்பு இருந்தது. என்.ஏ.ஏ.சி.பி.யின் ஹாலிவுட் கிளையில் இருந்த ஜூனியஸ் கிரிஃபின், 1972இல் 'பிளாக்ஸ்ப்ளாய்டேஷன்' என்ற சொல்லையே புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நடிப்பவர்களும் டிக்கெட் வாங்குகிறவர்களும் கறுப்பர்கள், லாபம் வெள்ளைக் கம்பெனிகளுக்கு, நம் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது கெட்ட பிம்பம் என்பது எதிர்த்தவர்களின் வாதம்.

எம்.ஏ. சமூகவியல் படித்தபோது நானும் அந்தக் கட்சிதான். ஒரு கட்டுரையில் இந்தப் படத்தை 'வணிகக் குப்பை' என்று ஒரே வரியில் முடித்தேன். அப்போது படத்தை முழுதாகப் பார்த்திருக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் பிள்ளைகள் பார்த்த விதம் வேறு. காட்டேரியாகிவிட்ட வில்லிஸ், தன் அலங்காரத்தைக் கண்ணாடியில் பார்க்க முடியவில்லையே என்று புலம்பும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெண்ணை வைத்துப் பிழைக்கும் இருவரிடம், சொந்தச் சகோதரியையே அடிமையாக்கி ஆண்டைகளைப் போல நடக்கிறீர்களே என்று மாமுவால்டே கேட்கும்போது ஒருத்தி கைதட்டினாள்.

கடைசியில் அவன் தன் சாபத்தை நீக்கும்படி லீசாவிடம் கேட்கிறான். சடங்கு பாதியில் இருக்கும்போது போலீஸ் நுழைகிறது. எல்லாம் கெட்டுப்போகிறது. மாமுவால்டே என்று அழைப்பவனிடம், தன் பெயர் பிளாக்குலா என்று அவன் கர்ஜிக்கிறான். எங்கள் அறையில் சத்தமே இல்லை.

"ஏன்க்கா அந்தப் பேரையே சொல்றான்? அது அவனைக் கடிச்சவன் வெச்ச பேராச்சே?" கேட்டது அதே முதலாமாண்டு மாணவி.

எனக்கு உடனே பதில் வரவில்லை. பள்ளியில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழு பேரை ஓர் ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் ஸ்காலர்ஷிப்" என்பார். மற்ற பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பத்தாம் வகுப்பில் ஒரு சண்டையில், "ஆமா, நான் ஸ்காலர்ஷிப்தான், இப்ப என்ன?" என்று நானே கத்தினேன். அந்த நிமிடம் ஜெயித்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். அதைத்தான் பிள்ளைகளிடம் சொன்னேன். அவன் அந்தப் பெயரை விரும்பி எடுக்கவில்லை. தன் பெயருக்குத் திரும்பும் கடைசி வழியும் அடைபட்டதால் எடுத்தான்.

முதல் படம் வெளியான அதே 1972இல்தான் மும்பையில் நாம்தேவ் தசாலும் தோழர்களும், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்து, தங்களுக்கு 'தலித் பேந்தர்ஸ்' என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். அடுத்தவன் ஒட்டியதை ஆத்திரத்தில் ஏற்பதும், நாமே கூடி ஒரு பெயரைத் தேர்ந்தெடுப்பதும் ஒன்றல்ல. எங்கள் விவாதம் அன்று இரவு வரை இதில்தான் ஓடியது.

பிற்காலத்தில் ராபின் ஆர். மீன்ஸ் கோல்மனின் 'ஹாரர் நுவார்' நூலும் (2011), அதையொட்டிய 2019 ஆவணப்படமும் கறுப்பினப் பேய்ப்படங்களின் வரலாற்றை விரிவாகப் பேசின. அதனால் அன்று எதிர்த்தவர்கள் சொன்னது பொய்யாகிவிடாது. லாபம் யாருக்குப் போனது என்பது இன்றைக்கும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பார்த்தவர்கள் அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்காமல் தீர்ப்பு எழுதினால், அது பாதி ஆய்வுதான். நான் எழுதியது அப்படிப்பட்டது.

தோழர்களே, ஒரு படத்தைக் குப்பை என்று எழுதும் முன், அதை உங்கள் தெருப் பிள்ளைகளோடு ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். படம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கேளுங்கள்.