பரங்கிமலைப் படிகளில்

தவக்காலம் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்பு நமது பங்கில் ஒரு முதியவர் இறைவனடி சேர்ந்தார். அடக்கத் திருப்பலி முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்பட்டோம். தூரம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். நடுவே ரயில்வே மேம்பாலம் ஒன்று உண்டு. அதன் ஏற்றத்தில் நமக்கு மூச்சு வாங்கிற்று. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டோம். இறந்தவர் முன்னே போய்க்கொண்டிருந்தார். அவருக்காகச் செபிக்க வேண்டியவர் பின்தங்கி நின்றார். இளைஞர் ஒருவர் தமது மோட்டார் சைக்கிளை அருகில் நிறுத்தி, "ஏறிக்கோங்க ஃபாதர்" என்றார். ஏறிக்கொண்டோம். சவப்பெட்டி வருவதற்கு முன்பாகவே கல்லறை வாயிலில் போய் இறங்கினோம். அன்று நாம் அடைந்த வெட்கத்தை வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை.

மறுநாள் மருத்துவரிடம் சென்றோம். எடை 86 கிலோ. இடுப்பின் சுற்றளவு 104 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு அது 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது என்பது மருத்துவர் கூறிய கணக்கு. நம் நாட்டவருக்குக் கொழுப்பு வயிற்றிலேயே சேரும் இயல்பு மிகுதி. அதனால் சர்க்கரை நோயும் இருதய நோயும் நம்மை விரைந்து பற்றுகின்றன என்றும் விளக்கினார். இரத்தத்தில் சர்க்கரையின் அளவைப் பார்த்துவிட்டு, "சாமி, நான் மாத்திரையைக் கூட்டட்டுமா, நீங்கள் நடையைக் கூட்டுகிறீர்களா?" என்று கேட்டார்.

செய்தி பங்கில் பரவிற்று. நம்மீது அன்புகொண்ட ஒரு குடும்பத்தார், ஊரில் புதிதாகத் திறந்திருக்கும் உடற்பயிற்சிக் கூடத்தில் நமக்காகச் சந்தா கட்டுவதாக முன்வந்தனர். அவர்கள் வீட்டு மகனே ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டிக் கட்டி, இரண்டு மாதங்கள் சென்று, பிறகு நின்றுவிட்டவன். விடாமல் செல்வோருக்கு அத்தகைய கூடங்கள் நன்மை செய்கின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கே கணக்குப் பார்க்கும் குடும்பங்கள் நிறைந்த பங்கு நமது. பங்குக் குருவின் வயிறு குறைவதற்குப் பிறர் பணம் செலவாவதை மனம் ஏற்கவில்லை. நன்றி கூறி மறுத்துவிட்டோம்.

இந்நிலையில், அலுவல் ஒன்றின் பொருட்டு ஆறு வாரங்கள் சென்னையில் தங்க நேர்ந்தது. தங்குமிடம் கிடைத்ததோ பரங்கிமலையின் அடிவாரத்தில்.

பரங்கிமலை என்றும் புனித தோமையார் மலை என்றும் வழங்கும் இக்குன்றைப் பலர் அறிந்திருப்பீர்கள். ஏறத்தாழ 300 அடி உயரம். திருத்தூதர் தோமையார் இரத்தம் சிந்தி மரித்த இடம் இதுவே என்பது நம் முன்னோர் வழிவழியாகப் போற்றிவரும் மரபு. உச்சியிலுள்ள தேவமாதாவின் ஆலயத்தைப் போர்த்துக்கீசியர் 1523-ஆம் ஆண்டில் எழுப்பினர். 1547-இல் அவ்விடத்தில் தோண்டியபோது, பாலவி மொழி எழுத்துகள் பொறித்த பழைய கற்சிலுவை ஒன்று கிடைத்தது. இன்றும் அது பீடத்தில் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இங்கு வந்து செபித்தார். உச்சியில் நின்றால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குவதும் எழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் நிகழ்வதுபோல் தோன்றும்.

மேலே செல்ல வழிகள் இரண்டு. ஒன்று வாகனங்கள் செல்லும் சாலை. மற்றொன்று, அடிவாரத்து வளைவு வாயிலிலிருந்து தொடங்கும் படிவழி. குரு மாணவராய் இருந்த நாட்களில் படியேறிச் சென்ற நினைவு உண்டு. குருப்பட்டம் பெற்ற பின்னர் எத்தனையோ முறை வந்தும், ஒவ்வொரு முறையும் காரிலேயே உச்சிக்குச் சென்றிருக்கிறோம்.

இப்படிகளைக் கட்டுவித்தவர் பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னையில் வாழ்ந்த ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டித் தந்தவரும் அவரே. அப்பாலம் இருந்த இடத்தில்தான் இன்று மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. ஆற்றைக் கடக்கப் பாலமும் மலையை அடையப் படியும் அமைத்த அந்தப் பெரியவர், மக்கள் நடந்து வருவார்கள் என்று நம்பிச் செலவு செய்தார். நாமோ காரில் வந்துகொண்டிருந்தோம்.

முதல் நாள் காலை ஐந்தரை மணிக்குப் படியில் கால் வைத்தோம். வழிநெடுகிலும் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகள் அமைந்திருக்கின்றன. ஆறாம் நிலைக்குள் நான்கு முறை உட்கார்ந்தோம். படிகள் நூற்றுக்கு மேல் என்பது உறுதி. சரியான தொகை எவ்வளவு என்பதில் ஏறுகிறவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. மூச்சு வாங்கும்போது எண்ணிக்கை தவறிப்போவதே காரணம் போலும். உச்சியை அடைந்தபோது சட்டை நனைந்து, முழங்கால்கள் நடுங்கின. ஆயினும் அடைந்துவிட்டோம்.

இறங்கி வந்து, வெற்றி பெற்ற மகிழ்ச்சியில் தேநீர்க் கடையின் முன் நின்றோம். இரண்டு வடையும் சர்க்கரை மிகுந்த தேநீரும் கைக்கு வந்தன. அருகில் பூ விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி நம்மை மேலும் கீழும் பார்த்தார். "உடம்பைக் குறைக்கவா சாமி ஏறுறீங்க?" என்றார். ஆம் என்றோம். "ஏறுறது பெரிசில்ல சாமி. இறங்கி வந்து இந்தக் கடையைத் தாண்டிப் போறதுதான் பெரிசு" என்று சொல்லிவிட்டுப் பூத்தொடுக்கத் தொடங்கினார்.

அறைக்குத் திரும்பியதும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நமது எடையுள்ளவர் இம்மலையை ஒருமுறை ஏறினால் செலவாவது 60, 70 கலோரிக்கு மேல் இராது. ஓர் உளுந்து வடையிலேயே ஏறத்தாழ 100 கலோரி இருக்கிறது. உடற்கொழுப்பில் ஒரு கிலோ கரைய வேண்டுமானால் சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டும். அப்படியானால் அன்று காலை ஏறி இறங்கிய நாம், ஏறாமல் உறங்கியிருந்தாலும் இதைவிட எடை குறைந்திருப்போம்! நடந்தாலே வயிறு கரைந்துவிடும் என்று நம்பி ஏமாறுவோர் பலர். உடல் எடையைப் பெரும்பாலும் குறைப்பது உணவுத் தட்டு. உடலைத் திடமாக வைத்திருப்பது கால். இரண்டும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும்.

அன்று முதல் தேநீரில் சர்க்கரையை நிறுத்தினோம். மதியச் சோற்றைப் பாதியாக்கி, அவ்விடத்தைக் காய்கறியாலும் பயறு பருப்பாலும் நிரப்பினோம். இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்தோம். மாலையில் பலகாரம் இல்லை. முதல் வாரம் கடினமாகவே இருந்தது. மூன்றாம் வாரத்தில் பசி நமக்குப் பழகிற்று; படிகளும் பழகின. இடையில் ஒரே ஒரு முறை உட்கார்ந்தால் போதும் என்றாயிற்று.

ஓர் ஐயம் மட்டும் நம்மை உறுத்திற்று. சிலுவைப்பாதையின் படிகளைத் தொந்தி குறைக்கும் சாதனமாக ஆக்கலாமா? சில நாட்கள் சிந்தித்தோம். அதிகாலையில் அங்கே ஏறுவோரைக் கவனித்தோம். செபமாலை உருட்டியபடி வரும் தாய்மார், வேலைக்குச் செல்லுமுன் விரைந்து ஏறும் இளைஞர், ஓய்வுபெற்ற முதியோர், வேற்று மதத்தைச் சேர்ந்த அன்பர் சிலர். ஒருவர் செபத்துக்காக வந்து உடல்நலம் பெறுகிறார். மற்றொருவர் உடல்நலத்துக்காக வந்து, உச்சியில் சற்று நேரம் மௌனமாக நிற்கிறார். உடலைத் தூய ஆவியின் ஆலயம் என்று புனித பவுல் அழைத்ததை எத்தனையோ மறையுரைகளில் எடுத்துரைத்த நாம், அந்த ஆலயத்தைப் பழுதுபார்க்க மட்டும் மறந்திருந்தோம். உறுத்தல் தணிந்தது. ஒவ்வொரு நிலையிலும் நின்று செபிப்பது மூச்சு வாங்குவதற்கும் உதவிற்று என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

படியேறுவதன் பயனை நன்கு காட்டிய ஆராய்ச்சி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் வேலை செய்த ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே பேருந்து, ஏறக்குறைய ஒரே விதமான வாழ்க்கை. ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருந்தார். நடத்துநரோ சீட்டுக் கொடுக்க மாடிப்படிகளை நூற்றுக்கணக்கான முறை மிதித்தார். இருதய நோய் ஓட்டுநர்களையே அதிகமாகத் தாக்கியது என்று 1953-இல் மாரிஸ் வெளியிட்டார். நடத்துநர்கள் எந்தக் கூடத்துக்கும் சந்தா கட்டியவர்களல்லர். தங்கள் வேலையைச் செய்தார்கள், அவ்வளவே. மாரிஸ் தாமும் உடற்பயிற்சியை விடாது போற்றி, 2009-இல் தமது 99-ஆம் வயதில் காலமானார்.

பரங்கிமலைக்கு மற்றொரு வரலாறும் உண்டு. இந்திய நாட்டை அளந்து வரைபடம் ஆக்கிய பெரும் நில அளவைக்கு அடிக்கோடு இட்டது இம்மலையின் அருகேதான். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி அப்பணியைத் தொடங்கினார். 100 அடி நீளமுள்ள உருக்குச் சங்கிலியை மீண்டும் மீண்டும் நீட்டி, சுமார் ஏழரை மைல் தூரத்தை அளக்க அவருக்கு 57 நாட்கள் ஆயின. நடந்தால் மூன்று மணி நேரத்தில் கடக்கக்கூடிய தூரம் அது! ஆனால் அந்தப் பொறுமையான அளவின்மேல்தான் பின்னர் இமயம் வரையிலான கணக்குகள் எழுந்தன. லாம்டனின் உருவச்சிலை இம்மலையில் இருக்கிறது. எடைக் கருவியில் முள் நகராத நாட்களில் அதன் எதிரே சற்று நின்றுவிட்டு வருவோம். ஒரு மாதத்தில் பத்துக் கிலோ குறைப்பதாகக் கூறும் விளம்பரங்களை நம்புவோரும் அவ்வாறே அங்கே நின்று பார்க்கலாம்.

ஆறு வாரங்கள் முடிந்தபோது நமது எடை இரண்டரைக் கிலோ குறைந்திருந்தது. பெரிய சாதனை அல்ல. ஆனால் கடைசி நாள் காலை, எங்கும் உட்காராமல் உச்சிக்குச் சென்றோம். பூ விற்கும் மூதாட்டியிடம் விடைபெற்றபோது, "ஊர்லயும் கடை இருக்கும் சாமி" என்று எச்சரித்து அனுப்பினார்.

ஊரில் கடைகள் இருக்கின்றன, மலைதான் இல்லை. எனவே உள்ளதைக் கொண்டு தொடங்கினோம். இரண்டு கிலோமீட்டருக்குட்பட்ட வீடுகளைச் சந்திக்க இனி வாகனத்தில் செல்வதில்லை என்று முடிவு செய்தோம். கோவில் மணிக்கூண்டின் படிகளைக் காலையும் மாலையும் ஐந்து முறை ஏறி இறங்குகிறோம். வாரத்தில் இரு நாட்கள், நாற்காலியில் கைபிடிக்காமல் உட்கார்ந்து எழுவதும், சுவரில் கையூன்றித் தள்ளுவதும் செய்கிறோம். வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடங்களுக்குக் குறையாமல், இயலுமானால் 300 நிமிடங்கள் வரை விரைந்து நடக்க வேண்டும்; தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி இரு நாட்களாவது வேண்டும்; பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் சராசரி ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு. இவற்றில் எதற்கும் சந்தா தேவையில்லை.

சில எச்சரிக்கைகளும் உண்டு. நெஞ்சில் வலியோ அழுத்தமோ தோன்றினால் உடனே நின்று மருத்துவ உதவி தேட வேண்டும். இருதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்போர், மயக்கம் வந்தால் உண்ணச் சிறிது இனிப்பைக் கையில் வைத்திருக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளோருக்கு ஏறுவதைவிட இறங்குவதே கடினம். அவர்கள் சமநிலத்தில் நடப்பது நன்று.

இவற்றையெல்லாம் ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒருநாள் மக்களிடம் கூறினோம். அப்போது ஒரு தாய் எழுந்து, "ஃபாதர், ஆம்பளைங்க எங்க வேணும்னாலும் நடப்பாங்க. நாங்க எங்க நடக்கிறது? ரோட்டில நடைபாதை இல்ல, விடியக்காலைல நாய்த்தொல்லை வேற" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. அன்றிரவு உறக்கமும் இல்லை. கோவில் வளாகத்தின் வாயிற்கதவு முதல் பூசை மணிக்குத்தான் திறக்கப்படும் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. மறுநாள் முதல் அதிகாலை ஐந்து மணிக்கே கதவைத் திறந்து விளக்குகளை ஏற்றி வைக்கச் செய்தோம். மின்கட்டணம் சற்றே கூடியிருக்கிறது. பங்குப் பேரவையினர் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டனர். கோவிலை நான்கு முறை சுற்றினால் ஒரு கிலோமீட்டர். முதல் வாரம் மூன்று பேர் வந்தனர். இன்று முப்பது பேருக்குக் குறையாமல் நடக்கின்றனர். அவர்களில் எல்லா மதத்தவரும் உள்ளனர். ஓராண்டுச் சந்தா கட்டி நின்றுவிட்ட அந்த இளைஞனும் தன் தாயை அழைத்துக்கொண்டு வருகிறான்.

நமது எடை இப்பொழுது 79 கிலோ. இடுப்பு 96 சென்டிமீட்டர். இன்னும் ஆறு சென்டிமீட்டர் கடன் இருக்கிறது. மாத்திரை கூடவில்லை.

சென்ற மாதம் பங்கில் மற்றோர் அடக்கம். அதே மேம்பாலம், அதே ஏற்றம். இம்முறை இறந்தவருக்கு அருகிலேயே, செபங்களைச் சொல்லியபடி கல்லறை வரை நடந்தோம். பாலத்தின் மேல் அந்த மோட்டார் சைக்கிள் இளைஞர் திரும்பி நம்மைப் பார்த்தார். நாம் கையசைத்தோம், அவரும் வண்டியை நிறுத்திவிட்டு நம்மோடு நடந்து வந்தார்.