நீயா, நீங்களா?

ஆங்கில நாவலை ரஷ்ய மொழிக்குக் கொண்டுபோகிறவரை முதலில் நிறுத்திவைப்பது ‘யூ’ என்கிற சின்னச் சொல். ஆங்கிலத்தில் அரசருக்கும் அதுதான், ஆடு மேய்ப்பவருக்கும் அதுதான். ரஷ்ய மொழியில் நெருங்கியவருக்கு ஒன்று, மரியாதைக்குரியவருக்கும் முன்பின் அறியாதவருக்கும் இன்னொன்று. தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் மணவூர்ப் பக்கம் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்குகிற மண். நீ, நீங்க, நுவ்வு, மீரு. வாய் திறக்கும் முன்பே எதிரில் இருப்பவர் நமக்கு யார் என்று முடிவுசெய்துவிட வேண்டும்.

மொழிபெயர்ப்பாளருக்கு இது சொல் பிரச்சினையாக நிற்பதில்லை, மனித உறவைப் பற்றிய தீர்ப்பாகிவிடுகிறது. காதலிக்கத் தொடங்கிய இருவர் எந்தப் பக்கத்தில் ‘நீங்களை’ விட்டு ‘நீ’க்கு வருகிறார்கள்? ஆசிரியர் அதை எழுதிவைக்கவில்லை. எழுத அவருக்கு அவசியமும் இருக்கவில்லை.

சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் தி ரை’ நாவலை 1960இல் ரஷ்ய மொழியில் தந்தவர் ரீத்தா ரைத்-கவல்யோவா. பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட விடலைப் பையன் நேராக வாசகரைப் பார்த்தே கதை சொல்கிறான். வாயில் வசவு நிறைய. அந்தக் கால சோவியத் அச்சில் அவ்வளவையும் ஏற்ற முடியாது, மென்மையாக்கித்தான் எழுதினார். ஆனால் வாசகரை அவன் மரியாதைச் சொல்லால் அழைப்பதாக அமைத்தார். அது மிகச் சரி என்பேன். பெரியவர்கள் யாரையும் நம்பாத பிள்ளை முகம் தெரியாத ஒருவரிடம் மனதைத் திறக்கிறான். அந்தத் தயக்கம் அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடுகிறது.

இலக்கணம் தானாகவே முடிவெடுத்துவிடுவதும் உண்டு. கிப்ளிங்கின் ‘ஜங்கிள் புக்’ நம் மத்திய இந்தியக் காட்டில் நடக்கும் கதை. அதில் கருஞ்சிறுத்தை பகீரா ஆண். ரஷ்ய மொழியில் அந்த விலங்கின் பெயர் பெண்பால், ‘பகீரா’ என்ற பெயரின் ஈறும் பெண்பெயர் போல ஒலிக்கும். ஆக ரஷ்யக் குழந்தைகளுக்குப் பகீரா பெண். 1967 முதல் 1971 வரை வந்த சோவியத் கார்ட்டூன் படங்களிலும் அப்படியே. கதையின் சிறுவன் மௌக்ளிக்குத் தோழனாக இருந்தவன் தாயைப் போன்றவள் ஆனாள். கதையின் பாசமே வேறு நிறம் கொண்டது.

தம் மொழியில் இல்லாததை மொழிபெயர்ப்பாளரே உருவாக்க வேண்டியதும் உண்டு. நீனா தெமூரோவா லூயிஸ் கரோலின் ‘ஆலிஸ்’ கதைகளை ரஷ்ய மொழியில் தந்தார். அந்த மொழிபெயர்ப்பு 1967இல் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் வெளியானது. அவர் இளமையில் இந்தியாவில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி அன்பு. தொப்பி செய்பவனைப் பைத்தியத்தோடு சேர்த்துச் சொல்லும் வழக்கு ஆங்கிலத்தில் உண்டு, ரஷ்ய மொழியில் இல்லை. தெமூரோவா ‘பல்வான்’ என்ற சொல்லைப் பிடித்தார். தொப்பியை வடிவமைக்க மாட்டும் மரக்கட்டைக்கும் அதுவே பெயர், மட்டிக்கும் அதுவே பெயர். அதிலிருந்து கதையின் தொப்பிக்காரன் ‘பல்வான்ஷிக்’ ஆகப் பிறந்தான். தொழிலும் கிறுக்கும் ஒரே பெயரில் கூடிவிட்டன.

இவர்களின் சிரமத்தை நான் நெஞ்சோடு உணர்வதற்குக் காரணம் உண்டு. எழுபது வயது உழவுக்காரரைப் பள்ளிக்கூடச் சிறுவன் ‘வா, போ’ என்று அதட்ட, அவர் அந்தச் சிறுவனுக்கு ‘நீங்க’ போட்ட காலத்தைக் கண்டவன் நான். அந்தக் காட்சியை ஆங்கிலத்தில் எழுதினால் இருவரும் ‘யூ’ என்றே பேசுவார்கள். அநியாயம் பாதி மறைந்துபோகும். மறுபடி தமிழுக்கோ ரஷ்ய மொழிக்கோ கொண்டுவருபவர் அதைத் தோண்டி எடுத்தாக வேண்டும். பண்ணையாரும் கூலியாளும் பேசும் இடத்தில் ‘நீங்கள்’ என்று இரு பக்கமும் நாகரிகமாகப் போட்டுவிட்டால் அது பொய். நீதிபதி, மருத்துவர், மாமியார் என்று வரும் ஒவ்வொரு உரையாடலிலும் யார் யாருக்குக் கடன்பட்டவர், யார் யாருக்குப் பயப்படுகிறவர் என்று தெரிந்துகொண்ட பிறகே பேனாவைத் தொட வேண்டும்.

தெமூரோவா தம் புத்தகம் வெளிவந்ததோடு விட்டுவிடவில்லை. கரோலை மொழிபெயர்த்ததைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். 1978இல் திருத்திய பதிப்பும் கொண்டுவந்தார். டால்ஸ்டாயையும் தஸ்தயெவ்ஸ்கியையும் தமிழிலேயே படித்து வளர்ந்த நாம், அவற்றைத் தந்த மொழிபெயர்ப்பாளர்களிடம் இந்த முடிவுகளை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டதில்லை. இன்று மொழிபெயர்க்கும் பிள்ளைகளாவது நூலின் முன்னுரையில் இரண்டு பக்கம் ஒதுக்கி, எந்த இடத்தில் ‘நீங்கள்’ ‘நீ’ ஆனது, ஏன் ஆனது என்று எழுதிவையுங்கள்.