ஆறு மாதத் தோட்டம்



"டீச்சர், அடையாறு வந்துட்டீங்களா? தோட்டம் எப்படி இருக்கு?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் போட விரல் ஒத்துழைக்கவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு என் வருடம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. மயிலையில் அறுபத்து மூவர் பார்த்த கையோடு கோவையில் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். கத்திரி வெயிலை இந்த உடம்பு தாங்குவதில்லை. புரட்டாசி முடியும்போது, மழைக்கு முன்னால் திரும்பிவிடுவேன். ஆக, என் தோட்டத்துக்கு நான் பாதி வருடம்தான் சொந்தக்காரி.

வீட்டுக்குப் பின்னால் இருபதுக்கு முப்பதடி இடம். மராமத்து நடந்தபோது மேஸ்திரி, "முழுக்க டைல்ஸ் போட்டுடலாம்மா. களை வராது, பூட்டிட்டு நிம்மதியாப் போகலாம்" என்றார். மகளும் அதையே சொன்னாள். நான் ஒப்பவில்லை. காரணம் ஒரு கணக்கு.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. மழை. என் மொட்டை மாடி 90 சதுர மீட்டர். பெருக்குங்கள் பார்க்கலாம்! 1,26,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் பத்துக்கு மேல். எல்லாவற்றையும் பிடிக்க முடியாதுதான். பாதி பிடித்தாலும் லாபம்தானே? 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வீட்டுக்கு வீடு குழாய் இறங்கியது. மண்ணும் திறந்திருந்தால் முற்றத்தில் விழும் மழையும் கீழே போகும். எங்கள் பக்கம் மணல் பூமி, விட்டதை எல்லாம் குடித்துவிடும்.

2019 கோடை நினைவிருக்கிறதா? ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே! அந்த வருடம் பக்கத்து வீட்டம்மா எங்கள் கிணற்றில்தான் இறைத்துக்கொண்டார். அன்று முதல் நான் இல்லாத மாதங்களில் வாரம் இரண்டு நாள் செடிகளுக்கு அவர்தான் தண்ணீர் விடுகிறார். கேட்டு வாங்கிய உதவி இல்லை, தானாக வந்தது.

அவருக்குப் பாரம் ஏற்றக்கூடாது என்றுதான் செடிகளைத் தேர்ந்தெடுத்தேன். நர்சரியில் கொரியன் புல்லும் ரோஜாவும் காட்டினார்கள். தினம் தண்ணீர் கேட்கும் பிள்ளைகள் அவை. வேண்டாம் என்று நந்தியாவட்டை, இட்லிப்பூ, சோற்றுக் கற்றாழை, கறிவேப்பிலை என்று வைத்தேன். அரளி நன்றாகத் தாங்கும், ஆனால் விஷம். பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீட்டில் எதற்கு?

மற்றதெல்லாம் நான் இருக்கும் மாதங்களுக்கு. ஐப்பசியில் மேட்டுப் பாத்தியில் பரங்கி விதை ஊன்றினால் மார்கழிக் கோலத்துக்குப் பூ தயார். ஆண் பூவாகப் பார்த்துப் பறித்தால் காய்க்கு நஷ்டமில்லை. அடைமழை ஓய்ந்த பிறகு சிறுகீரை விதைப்பேன். 25 நாளில் குழம்புச் சட்டிக்கு வந்துவிடும். காலையில் களை எடுப்பது, மாலையில் கச்சேரி, இதுதான் என் டிசம்பர்.

ஒரு மூலையில் புன்னை வைத்திருக்கிறேன். கபாலீஸ்வரர் கோவிலின் தல விருட்சம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் ஊரெல்லாம் குல்மோகர் மரங்கள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தோம். புன்னை கடற்கரை மரம், காற்றும் உப்பும் அதற்குப் பழக்கம். ஆனால் வளர நிதானம். இன்னும் என் தோள் உயரம்கூட இல்லை.

"இந்த வயசுல மரம் வைக்கிறியேம்மா, வீட்டைக் கொடுத்துட்டு இங்கேயே இருந்துடேன்" என்கிறாள் மகள். அவள் கவலை நியாயம்தான். இரவில் எனக்கு ஏதாவது ஆனால் கோவையிலிருந்து அவள் வந்து சேர எத்தனை மணி நேரம்! முட்டி அனுமதிக்கும் வரை வந்து போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நிழலில் யார் உட்காருவார்கள் என்று கணக்குப் பார்த்திருந்தால் முப்பது வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்திருக்க மாட்டேன். உங்களில் யார் என்னவாக வளர்ந்தீர்கள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியுமா என்ன?

மார்கழியில் மயிலாப்பூர் பக்கம் வருகிறவர்கள் அப்படியே அடையாறுக்கும் வாருங்கள். பரங்கிப் பூவும் நந்தியாவட்டைப் பதியனும் எடுத்து வைக்கிறேன். பை மட்டும் நீங்களே கொண்டு வாருங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்