இரண்டு கழுதைகள்

குன்னூரில் திரைப்பட வட்டு சேர்ப்பவர்க்கு முதற்பகை தணிக்கை அன்று, ஈரம். ஆடியில் தென்மேற்குச் சாரலும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கின் அடைமழையுமாக, ஆண்டில் பாதிநாள் சுவர்கள் வியர்த்துக்கொண்டிருக்கும் ஊர் இது. புத்தக அட்டையில் பூக்கும் வெண்பூஞ்சை வட்டின் உறையிலும் பூக்கும். ஆகவே எங்கள் இரும்பு அலமாரியின் அடித்தட்டில் ஒரு குண்டு பல்பு இரவும் பகலும் எரிகிறது. மின்கட்டணம் கட்டும் நாளில் அதைக் குறித்து வீட்டில் எழும் வினாவுக்கு எங்களிடம் இன்றுவரை மதிப்பான விடை இல்லை.

நாங்கள் என்பது மூவர். தமிழ் கற்பிக்கும் இருவர். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர். மாதந்தோறும் ஆளுக்கொரு தொகை போட்டு, மீறல் சினிமா என்று சொல்லத்தக்க படங்களின் மீட்டெடுக்கப்பட்ட பதிப்புகளை வாங்கிச் சேர்க்கிறோம். இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்ட ப்ளூ-ரே மண்டலம் 'சி'. நாங்கள் தேடும் அமெரிக்க வட்டுகளில் பல 'ஏ', இங்கிலாந்து வட்டுகளில் பல 'பி'. எல்லா மண்டலங்களையும் வாசிக்கும் கருவியை வாங்கியதே எங்கள் முதல் மீறல் எனலாம்.

அலமாரியில் பசோலினியின் 'சலோ' (1975) இருக்கிறது. கிரைட்டீரியன் நிறுவனம் அதை 1998இல் டிவிடியாக வெளியிட்டு, உரிமைச் சிக்கலால் நிறுத்திக்கொள்ள, 2008இல் மறுபதிப்பு வரும்வரை அந்த முதற்பதிப்பு சேகரிப்பாளர் உலகில் புதையலாகவே கருதப்பட்டது. நாங்கள் வாங்கியது மறுபதிப்புதான். ஜான் வாட்டர்ஸ் சொற்பக் காசில் பால்டிமோரில் எடுத்த 'மல்டிபிள் மேனியாக்ஸ்' (1970), கென்னத் ஆங்கரின் குறும்படங்கள், கியூ இயக்கிய 'காண்டு' (2010) என்று வரிசை நீள்கிறது. கடைசியாகச் சொன்ன வங்காளப் படத்தின் தலைப்பே ஒரு வசைச்சொல். கமல் ஸ்வரூப்பின் 'ஓம் தர்-ப-தர்' (1988) திரையரங்கைக் காணாமல், நகலெடுத்த வீடியோ நாடாக்களில் ஊர் ஊராகத் திரிந்து, என்.எஃப்.டி.சி. மீட்டெடுத்தபின் 2014இல்தான் அரங்குக்கு வந்தது. இவற்றால் எங்களுக்கு ஊரில் ஒரு சங்கடமும் நேர்ந்ததில்லை. வெள்ளைக்காரர் ஆடையின்றித் திரிவது அயல்நாட்டு விவகாரம் என்று நம்மவர் பெருந்தன்மையோடு விட்டுவிடுகிறார்கள்.

சங்கடம் ஒரு கழுதையால் வந்தது. அதற்குமுன் படச்சுருளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

பழைய படச்சுருளின் அடித்தளம் அசிடேட். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைந்து அசிடிக் அமிலத்தை வெளிவிடும். வெளிப்பட்ட அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். பெட்டியைத் திறந்தால் காடிநெடி அடிக்கும். சுருள் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். இந்நோயின் ஆங்கிலப் பெயரான 'வினிகர் சிண்ட்ரோம்' என்பதையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டு, ஒதுக்கப்பட்ட படங்களை மீட்டு வெளியிடும் அமெரிக்க நிறுவனம் ஒன்று உண்டு. எங்கள் மலைக்கும் இதில் உறவு இருக்கிறது. 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, குன்னூரிலிருந்து சில மைல் மேலே, உதகையை அடுத்த இந்து நகரில் கறுப்பு வெள்ளைச் சுருளும் எக்ஸ்ரே சுருளும் செய்தது. (இந்து என்றால் நிலவு, சமயத்தைத் தேட வேண்டா.) இன்று மூடிக்கிடக்கும் அந்த வளாகத்தைக் கடக்கும்போதெல்லாம் எங்கள் கணக்கர் நண்பர் பேச்சை நிறுத்திவிடுவார். அவர் உறவினர் இருவர் அங்கே வேலை பார்த்தவர்கள்.

சுருளை மீட்பவர் செய்வது, எங்களைப் பொறுத்தவரை, உ.வே.சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளோடு செய்ததேதான். கிடைத்த பிரதிகளையெல்லாம் கூட்டுகிறார். எது மூலத்துக்கு அண்மையது என்று பார்க்கிறார். ஒன்றில் சிதைந்ததை மற்றொன்றிலிருந்து நிரப்புகிறார். அரவிந்தனின் 'கும்மாட்டி', 'தம்பு' இரண்டுக்கும் மூல நெகடிவ் அழிந்துபோக, புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் எஞ்சியிருந்த பிரதிகளைக் கொண்டே அவை உயிர்பெற்றன. எதிலும் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதில்தான் பதிப்பாசிரியரின் நேர்மை தெரியும். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த ஐயர் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்காமையால் அவ்வெண்களை வெறுமையாக விட்டார். தாமே இரண்டு பாட்டு யாத்துச் செருகுவது அவருக்கு அரிதான செயலா என்ன? இன்றைய கணினிகள் கேட்காமலே அந்த வேலையைச் செய்கின்றன. கீறலைத் துடைக்கிறோம் என்று தொடங்கிப் படச்சுருளின் இயல்பான மணல்துகளையும் துடைத்து, மாந்தர் முகத்தை மெழுகாக்கிவிட்ட பதிப்புகள் இரண்டு எங்களிடம் உண்டு. அவற்றை விற்கவும் மனமில்லை, பார்க்கவும் மனமில்லை.

இனிக் கழுதை. பிரஸ்ஸோனின் 'ஓ ஹசார் பல்தசார்' (1966) கிரைட்டீரியனில் 2005இல் டிவிடியாகவும் 2018இல் ப்ளூ-ரேயாகவும் வந்தது. பல்தசாரின் இமைமயிரை எண்ணலாம், அத்தனை துல்லியம். ஜான் ஆபிரகாமின் 'அக்ரகாரத்தில் கழுதை' (1977) எங்களிடம் இருப்பது ஒரு நகலின் நகல். கழுதைக்கும் அதன் நிழலுக்கும் வேறுபாடு காண்பதே கடினம். எழுத்தில் வெங்கட் சாமிநாதன், ஒளிப்பதிவில் ராமச்சந்திர பாபு. இசையமைத்துத் தாமே பேராசிரியராகவும் நடித்தவர் எம்.பி.சீனிவாசன். தாயை இழந்த கழுதைக்குட்டியை ஒரு கல்லூரிப் பேராசிரியர் வளர்க்கிறார். சக ஆசிரியர்கள் நகைக்கிறார்கள். ஊருக்குக் கொண்டுசென்று, வாய்பேசாப் பெண் ஒருத்தியின் பொறுப்பில் விடுகிறார். ஊர் அதை அடித்துக் கொல்கிறது. கொன்றபின் அதிசயங்கள் நிகழ்வதாக நம்பிக் கோயிலெழுப்ப நினைக்கிறது. இறுதியில் ஊர் எரிகிறது. சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருது பெற்ற இப்படத்தை 1989இல் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்து, எதிர்ப்பெழவே கைவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓரிடத்தில் மாணவர்க்கு இதைத் திரையிட அனுமதி கேட்டோம். படத்தில் குறை காணவில்லை. தலைப்பை மட்டும் அறிவிப்பில் மாற்றிப் போட முடியுமா என்றார்கள். 'பேராசிரியரும் வளர்ப்பு விலங்கும்' என்று போடலாமாம். 'சலோ' இருக்கும் அதே அலமாரியிலிருந்துதான் இதையும் எடுத்துச் சென்றிருந்தோம் என்பதை எண்ணி வழியெல்லாம் சிரித்தோம். எது மீறல் என்பதை அயல்நாட்டு வட்டின் உறையில் அச்சிட்ட எச்சரிக்கையைக் கொண்டு தீர்மானிக்க இயலாது என்பது அன்று நன்றாக விளங்கியது.

எங்களுக்குள் ஒரு வழக்கு தீராமல் இருக்கிறது. இப்படம் மீட்கப்பட்டு, பளிச்சென்ற வட்டாக வருமானால் நல்லதா? கணக்கர் நண்பர் ஒப்பமாட்டார். "கழுதைக்கு எதுக்கு சார் வெள்ளையடிக்கணும்? அழுக்கா இருந்தாத்தான் அது நம்ம கழுதை" என்பார். கலகப்படம் கலங்கலாக இருப்பதே முறை என்பது அவர் கட்சி. சேகரிப்பாளர் பலரிடம் இக்கருத்து உண்டு. நாங்கள் மற்ற இருவரும் இதை ஏற்பதில்லை. அந்தக் கலங்கல் ஜான் தேர்ந்த அழகியல் அன்று, நாற்பதாண்டு அசட்டை. ஒடெசா இயக்கத்தின் வழியே மக்களிடம் காசு திரட்டி 'அம்ம அறியான்' (1986) எடுத்து, அதை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர் அவர். தம் படம் தெரிய வேண்டும் என்று விரும்பியவர்.

காலமும் கடந்துகொண்டிருக்கிறது. ஜான் 1987இல் மறைந்தார், சீனிவாசன் 1988இல், சாமிநாதன் 2015இல். இந்தக் காட்சி இவ்வளவு இருட்டாகத்தான் இருந்ததா என்று கேட்டால் சொல்லக்கூடியவராக இருந்த ராமச்சந்திர பாபுவும் 2019இல் போய்விட்டார். 'கும்மாட்டி'யின் நிறங்களைச் சரிபார்க்க அதன் ஒளிப்பதிவாளர் ஷாஜி கருண் இருந்தார். நம் கழுதைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இந்த மழைக்காலத்தில் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். ஞாயிறுதோறும், புத்தகமாக வந்த திரைக்கதையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் நகலை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறோம். விட்டுப்போன சட்டகங்கள், கேட்காத சொற்கள், வெட்டுண்ட இடங்கள் எல்லாவற்றையும் நிமிடக் கணக்கோடு ஒரு நோட்டில் குறிக்கிறோம். என்றாவது மீட்க முன்வருபவர் கையில் கொடுக்கலாம். சென்ற வாரம் பேராசிரியர் பேசும் ஒரு வாக்கியம் இரைச்சலில் மூழ்கிவிட்டது. புத்தகத்தில் இருப்பது அவர் உதடசைவோடு பொருந்தவில்லை. பதினொரு முறை ஓட்டிப் பார்த்தோம். நோட்டில் இப்போதைக்கு மூன்று பாடங்கள் இருக்கின்றன, ஆளுக்கொன்றாக.